கெரண்டி முடிவதற்கு முதல் நாள்

நான் பேராதனையில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சித்திரை விடுமுறையில் இது நடந்தது. எங்கள் வீடு பொகவந்தலாவைக் கடைவீதிக்குச் சற்று மேலே இருக்கிறது. மூன்று தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டுபோய் அட்டன் ரயில் நிலையத்தில் சேர்ப்பது அப்பாவின் தொழில். திரும்பும்போது கடைவீதிக்காரர்களுக்கு வேண்டிய மா, பருப்பு, வெங்காயம் எதையாவது ஏற்றி வருவார். லொறி வெறுமையாக வீடு திரும்புவதை அவர் அபசகுனமாகக் கருதுவார்.

நெடுங்காலம் உழைத்த பழைய லொறியை விற்றுவிட்டு, அதற்கு முந்திய தீபாவளி கழிந்த கையோடு, கண்டியில் ஒரு கம்பனியிடம் அப்பா புது லொறி வாங்கியிருந்தார். எனக்கு எழுதும் கடிதங்களில் அதை 'அவள்' என்றே குறிப்பிடுவார். 'அவள் நேற்று முதன்முதலாக அட்டன் போய் வந்தாள்; களைப்பே இல்லை' என்று ஒரு தபாலட்டை வந்தபோது, விடுதியில் என் அறைத்தோழி, உனக்கு ஒரு தங்கை இருப்பதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டாள்.

விடுமுறைக்கு வந்த அன்று அட்டனிலிருந்து அந்தத் தங்கைதான் என்னை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஓட்டியவர், பழைய லொறியின் காலத்திலிருந்தே அப்பாவிடம் இருக்கும் எங்கள் டிரைவர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். வழியெல்லாம் மழை. முன்கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து நீர் வழிந்து என் புத்தகப் பெட்டியின் மேல் சொட்டியது. இடப்பக்கக் கதவு வளைவுகளில் திறந்துகொள்ளப் பார்த்ததால் அதைச் சணல் கயிற்றால் இருக்கையோடு கட்டியிருந்தார்கள். புது வண்டி ஏன் இப்படி ஒழுகுகிறது என்று கேட்டேன்.

"மழைக்குக் கொஞ்சம் அழுவும் தங்கச்சி. வெயில்ல ஒண்ணும் செய்யாது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தார். அவர் மேல்தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஞாயிறுதோறும் தோட்டத்துப் பெண்களை எங்கள் லொறிதான் கடைவீதிக்கு இறக்கிக் கொண்டுவரும். வந்ததும் வராததுமாக, "ஏண்டி, ஒங்கப்பன் லொறிக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்றார்.

"ஏன் பெரியம்மா?"

"போன வாரம் எறக்கத்துல வர்றோம். டொக்குன்னு ஒரு சத்தம். லொறி அது பாட்டுக்கு ஓட ஆரம்பிச்சிருச்சு. பொம்பளைக அத்தனை பேரும் முருகான்னு கத்துறோம். அந்தத் தம்பி எப்பிடியோ மேட்டுப் பக்கமா ஒதுக்கி நிப்பாட்டுனாரு. எறங்கி வந்து என்னா சொன்னாரு தெரியுமா? 'பயப்படாதீங்க, வண்டி கொஞ்சம் வெளையாடுது'ன்னாரு. வெளையாடுற எடமாடி அது? கீழ பாத்தா ஆறு!"

பெரியம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். அவர் முதலில் வாசலில் நின்ற லொறியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சத்தமாப் பேசாத. வந்து ஆறு மாசங்கூட ஆவல. அதுக்குள்ள கொறை சொன்னா ராசி போயிரும்" என்றார். எங்கள் பக்கத்து லொறிக்காரர்களிடையே இப்படி ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி வந்த முதல் வருடத்தில் அதைப் பற்றி ஒரு குறையும் வாயால் சொல்லமாட்டார்கள். யாராவது விசாரித்தால், கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, தங்கமாக ஓடுகிறது என்பார்கள்.

லொறியோடு கம்பனி கொடுத்த ஆங்கிலப் புத்தகம் சாமித்தட்டில் இருந்தது. அட்டையில் மஞ்சளும் குங்குமமும் இட்டிருந்தார்கள். ஒரு பக்கமும் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அப்பா குளிக்கப் போயிருந்த நேரத்தில் எடுத்து வாசித்தேன். வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் கெரண்டி. அதற்குள் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிக் குறைகளை எழுத்தில் கொடுத்தால், பழுதான பாகங்களை அவர்களே மாற்றித் தருவார்கள். வெளி ஆள் கை வைத்திருந்தாலோ, ஆறு மாதத்துக்கு மேல் ஒரு நாள் ஆனாலோ ஒன்றும் கிடையாது. எண்ணிப் பார்த்தேன். பதினொரு நாட்கள் இருந்தன. பெரியம்மா கேட்ட டொக் சத்தம் கியர் கழன்றதுதான் என்று எனக்குப் பட்டது. கெடுவைத் தவறவிட்டால் கியர்ப் பெட்டியை மாற்றுவது எங்களால் ஆகிற காரியம் அல்ல. அதே லொறி, அதே இறக்கத்தில், பெரியம்மாவையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு ஓடத்தான் வேண்டும்.

அப்பாவை இணங்க வைக்க ஒரு முழு இரவும் ஒரு பகலும் பிடித்தன. "கொறை சொல்லப் போறோம்னு சொல்லாத. காட்டிட்டு வரப் போறோம்னு சொல்லு" என்ற உடன்பாட்டுக்கு வந்தார். ஆனால் மறுநாள் அட்டமி, அதற்கடுத்த நாள் நவமி. அப்புறம் வருடப் பிறப்பு. கண்டியில் கம்பனிக் கராஜும் வருடப் பிறப்புக்கு மூடி, நெக்கத்து என்னும் நல்ல நேரம் பார்த்துத்தான் மறுபடி வேலை தொடங்கும். எங்கள் பஞ்சாங்கமும் அவர்கள் நெக்கத்தும் சேர்ந்து ஒன்பது நாட்களை விழுங்கிவிட்டன. நாங்கள் புறப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. கெரண்டி சனிக்கிழமையோடு முடிகிறது.

காத்திருந்த நாட்களில் அப்பாவிடமும் லொறியில் வந்துபோகும் பெண்களிடமும் மெல்லக் கேட்டு, நான் குறைகளையெல்லாம் ஆங்கிலத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். பதினொரு குறைகள். இரண்டாம் கியர் தானாகக் கழல்வது முதலாவது. ஒவ்வொன்றுக்கும் எப்போது, எங்கே என்பதும் இருந்தது. கட்டுரை எழுதிச் சமர்ப்பிக்கும்போது வரும் திருப்தி அதை மடித்து உறையில் இட்டபோதும் எனக்கு வந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் வாசலுக்கு வந்து பார்த்தேன். லொறி கழுவித் துடைத்து, நெற்றியில் விபூதிப் பட்டையோடு, செவ்வந்தி மாலை அணிந்து நின்றது. கண்ணாடி விளிம்பில் புது ரப்பர் செருகியிருந்தது. கதவுக் கயிற்றைக் காணவில்லை. அதற்குப் பதிலாக ஒரு புதுத் தாழ். டிரைவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "கம்பனிக்காரங்க முன்னுக்கு அழுக்கா நிப்பாட்டலாமா, சொல்லுங்க?" என்றார். பதினொன்றில் இரண்டு குறைகள் அப்போதே மறைந்துவிட்டன. மழையும் இல்லை.

கம்பனிக் கராஜின் தலைமை மெக்கானிக் ஒரு சிங்களவர். எல்லாரும் அவரைப் பாஸ் என்றார்கள். என் தாளை வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்தார். பிறகு டிரைவரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு வெளியே போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். பாஸின் முகத்தில் சிரிப்பு.

"ஹொந்தயி ஐயா, ரொம்ப நல்லது. இந்த லொறிக்கு என்னா பிழை? ஒரு பிழையும் நான் பாக்க இல்லயே."

டிரைவர் கைகட்டி நின்று, "ஒரு பிழையும் இல்லீங்க பாஸ். நல்ல வண்டி" என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளை பரீட்சையில் தேறிய செய்தியைக் கேட்டவர்போல அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாஸ் என் தாளில் பதினொரு வரிகளுக்கும் பக்கத்தில், பிழை இல்லை என்பதற்குப் பென்சிலால் சிறிய கோடுகள் போட்டுத் திருப்பித் தந்தார்.

வாசலுக்கு வந்ததும் நான் டிரைவரிடம் சொன்னதை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது. நான் குரலை உயர்த்திப் பேசுபவள் அல்ல. அன்றும் உயர்த்தவில்லை. "அண்ணே, உங்களுக்கு ஸ்டியரிங் பிடிக்க மட்டுந்தான் தெரியுது. வண்டியைத் தெரியல" என்று நிதானமாகத்தான் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேல் மலைப்பாதையில் லொறி ஓட்டிய மனிதரிடம். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சரி தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, வாடியிருந்த மாலையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

அப்பா நிலைமையைச் சமாளிக்க, சாமானையாவது ஏற்றிக்கொண்டு போவோம் என்றார். வழக்கமாகச் சரக்கு எடுக்கும் மொத்தக் கடைக்குப் போனோம். அதன் முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். அப்பா அவரை நானா என்று கூப்பிடுவார். மாலையைப் பார்த்ததும், "என்ன தம்பி, லொறிக்கு மாப்பிள பாக்கக் கண்டிக்குக் கூட்டி வந்தீங்களா?" என்றார்.

"பாத்தாச்சு நானா. ஒரு கொறையும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றார் அப்பா, பெருமையும் தர்மசங்கடமுமாக.

"வெறும் லொறியப் பாத்தா கொறை எங்கால தெரியும்? என்ட கடையில தராசுகூட மூட்ட வெச்சாத்தான் கோணும்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் தாளைப் பிரித்து மறுபடி வாசித்தேன். ஒவ்வொரு குறைக்கும் எப்போது, எங்கே என்று நானே எழுதியிருந்தேன். பெரும்பாலானவை சுமையோடு இறங்கும்போது. பாஸ் ஓட்டிப் பார்க்கச் சொன்னதோ வெறும் லொறியை. அதையும் எங்கள் டிரைவரின் கையில் கொடுத்து. இரண்டையும் மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சரக்கை உடனே ஏற்றித் தர முடியுமா என்று நானாவிடம் நேராக நானே கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டே, "இப்ப ஜும்மாக்குப் போறன் மகள். வந்த ஒடனே மொத வேலையா ஏத்தித் தாறன்" என்றார்.

கடை மூடப்பட்டது. வாசலில் காத்திருந்தோம். சனிக்கிழமை கராஜ் அரை நாள்தான். அன்று மாலைக்குள் ஆகாவிட்டால், மறுபடி ஒரு முறை வந்து சேர வழியில்லை. தொழுகை முடிந்து வந்த நானா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே நின்று ஆட்களை விரட்டினார். கடைசி மூட்டை ஏறும்போது மணி மூன்றரை தாண்டிவிட்டது.

திரும்பவும் எங்களைக் கண்ட பாஸுக்குப் பிடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். "ஒரு தரம் நீங்களே ஓட்டிப் பாருங்கள், இறக்கத்தில்" என்று சிங்களத்தில் கேட்டேன். இலக்கணம் சரியாக இருந்ததா என்பது தெரியாது. அவர் தாளை மறுபடி வாங்கினார். "யார் எழுதினது? நீங்களா? அப்ப நீங்களும் ஏறுங்கோ. எங்க பிழைன்னு காட்டுங்கோ" என்றார். அப்பா வரவில்லை. "நான் பாக்கல" என்று கராஜ் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

பாஸ் ஸ்டியரிங்கில், நடுவில் டிரைவர், கதவோரம் நான். ஊருக்கு மேலே உள்ள ஒரு குன்றின் மேல் ஏறித் திரும்பி இறங்கத் தொடங்கினோம். பாஸ் இரண்டாம் கியரைப் போட்டார். லொறி முனகிக்கொண்டு சீராக இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. பாதி தூரத்தில் பாஸ் வண்டியை நிறுத்தி, கீழே குனிந்து பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். டிரைவரின் கை கியர்த் தண்டின் மேல் இருந்தது. அதை இறுக்கி, பின்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது.

"அத்த கன்ன" என்றார் பாஸ். "கை எடுங்கோ."

டிரைவர் திடுக்கிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். லொறி மறுபடி நகர்ந்தது. பத்து யார் தூரம் போவதற்குள் கை அங்கே போய்விட்டது. அவருக்கே தெரிந்திருக்கவில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். அவர் கண் பாதையில் இருந்தது. பாஸ் தட்டிவிட்டார். மறுபடியும் போனது. இறக்கம் முடியப் போகிறது, இன்னும் ஒரு வளைவுதான். நான் யோசிக்கவில்லை. "அண்ணே, கையக் குடுங்க" என்று அவர் கையை எடுத்து என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அந்த உள்ளங்கை மரக்கட்டை போலிருந்தது. பெருவிரலுக்குக் கீழே, கியர்க் குமிழின் அளவுக்கு, வட்டமாகக் காய்த்துப் போயிருந்தது. மாதக்கணக்காக ஒவ்வோர் இறக்கத்திலும் ஒரு கையால் லொறியைத் திருப்பிக்கொண்டு மறு கையால் அந்தக் கியரைக் கழலாமல் பிடித்து வந்திருக்கிறார். பெரியம்மா சொன்ன அன்று, ஏதோ ஒரு காரணத்துக்காக ஒரு கணம் கையை எடுத்திருக்க வேண்டும்.

டொக் என்று சத்தம் கேட்டது. எஞ்சின் முனகல் நின்று, லொறி எங்களை உதறிவிட்டு ஓடுவதுபோல முன்னே பாய்ந்தது. டிரைவரின் கை என் கைக்குள் துடித்தது. விட்டுவிடத்தான் தோன்றியது; விடவில்லை. பாஸ் எழுந்து நின்று பிரேக்கை மிதித்தார். பின்னால் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியும் சத்தம். லொறி மேட்டுப் பக்க வடிகானில் ஒரு சக்கரம் இறங்கி, அப்படியே சாய்ந்து நின்றது.

பாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டிரைவரின் கையைத் தம் பக்கம் இழுத்து விரித்து, அந்தக் காய்ப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு நாள்?"

"வந்த மறு மாசத்துலருந்து பாஸ்."

"ஏன் காலைல சொல்ல இல்ல?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "நல்ல பிள்ளதான் பாஸ். கையப் பிடிச்சுக்கிட்டா பேசாம வந்துரும்."

லொறியை வடிகானிலிருந்து ஏற்றிக் கராஜுக்குத் திரும்பியதும் பாஸ் என் தாளை என்னிடம் தந்து ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். கேள்வியை டிரைவரிடம் கேட்டார். குறை என்ற சொல்லை டிரைவர் கடைசிவரை உச்சரிக்கவில்லை. வலப்பக்க பிரேக் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும் என்றார். மூன்றாம் கியருக்குக் காலைக் குளிரில் பிடிவாதம் என்றார். நீண்ட ஏற்றத்தில் தாகம் அதிகம், நோர்வூட் தாண்டியதும் தண்ணீர் கேட்கும் என்றார். என் தாளில் இல்லாத நான்கு அவர் வாயிலிருந்து வந்தன. பாஸ் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அன்றைய தேதியிட்டு முத்திரை குத்தி, கியர்ப் பெட்டி முழுவதும் மாற்றப்படும் என்று ஒப்பமிட்டுத் தந்தார். சுவரோரம் நின்ற அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அவளுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்றுதான் முதலில் கேட்டார்.

மூட்டைகளைக் கராஜில் இறக்கி வைத்துவிட்டு ரயிலில் ஊர் திரும்பினோம். அப்பா தூங்கிவிட்டார். எதிர் இருக்கையில் டிரைவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சொற்களை நெடுநேரம் தேடி, "அண்ணே, மத்தியானம் நான் சொன்னது பெரிய தப்பு" என்றேன்.

"எது தங்கச்சி?" என்றார். உண்மையாகவே நினைவில்லையா, எனக்காக மறந்தாரா என்பது இன்றுவரை தெரியாது. மறுபடி சன்னல் பக்கம் திரும்பி, "புது எடம். தனியா நிக்கிறா" என்றார்.

அடுத்த வாரமே லொறி புதுக் கியர்ப் பெட்டியோடு வந்துவிட்டது. பெரியம்மாவும் தோழிகளும் இப்போது அந்த இறக்கத்தில் கதை பேசிக்கொண்டு வருகிறார்கள். நான் படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். சொற்களை எடைபோடுவதுதான் என் வேலையாக இருக்கும்போலத் தெரிகிறது. இருந்தாலும், ஒரு குறையும் இல்லை என்று யாராவது அமைதியாகச் சொல்லும்போது, அந்தச் சொல்லை எடைபோடுமுன் அவர் எதை இறுகப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்கிறார் என்று பார்க்கவே அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் மனம் பழகிக்கொண்டிருக்கிறது.